முழு இறுக்கம்

"டணார்!"

பட்டறை வாசலில் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஷாக்கு, தூக்கிவாரிப்போட்டு எழப்போய் நெற்றியை இரும்பில் இடித்துக்கொண்டான்.

"ஸ்பிரிங்தான். முன்பக்கம்" என்று நெற்றியைத் தேய்த்தபடியே முனகினான். வண்டியைப் பார்க்காமலே சத்தத்தை வைத்து நோயைச் சொல்வது அவனுக்குப் பழகிப்போன விஷயம். காரின் சஸ்பென்ஷன் வேலையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான் என்பதால் ஊர் முழுக்க அவனுக்கு ஷாக்கு என்றே பெயர். கட்டிய மனைவியே வாடிக்கையாளர்களிடம், "ஷாக்கு சாப்பிடப் போயிருக்கார், உக்காருங்க" என்பாள்.

தவழ்ந்து வெளியே வந்தவன், வந்திருக்கும் வண்டியைப் பார்த்ததும் நெற்றி வலியை மறந்தான். தங்கை வீட்டுச் சிவப்புக் கார். கால் சுளுக்கிய ஆள்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் தங்கை. இந்தப் பக்கம் அவள் கணவன், சாவியை விரலில் மாட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு.

"வாங்க மாப்ள. என்ன, வண்டியை ஓட்டிட்டு வந்தீங்களா, தூக்கிட்டு வந்தீங்களா?"

"உங்க வாசல் மேடு ஏறும்போதுதான் மச்சான் உயிரை விட்டுச்சு. உங்ககிட்ட வந்து சேர்ந்துதான் சாகணும்னு பிடிவாதமா இருந்துச்சுபோல."

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணா, நல்லா இருக்கியா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

ஷாக்குவுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் காரணம் தெரியாமல் இல்லை. போன மாதம் மலைச் சாலை வளைவில் இதே கார் சுவரில் உரசி, ஒரு பக்கக் கதவு நசுங்கியது. அன்று போன் செய்தது மாப்பிள்ளைதான். "என் தப்புதான் மச்சான். கொஞ்சம் வேகமா வந்துட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை." அதற்கு முன்பும் ஒரு முறை பள்ளத்தில் இறங்கி சக்கரம் வளைந்தது. அப்போதும் அவர்தான் போன் செய்தார்.

ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாய் அளவுக்கு மெழுகைச் செதுக்கிக்கொண்டிருக்கும் மனிதர். பேச்சு மெது, நடை மெது. சாப்பிட உட்கார்ந்தால் இலை காய்ந்துவிடும் என்று ஷாக்குவின் மனைவி கிண்டல் செய்வாள். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் பேய் பிடிக்கும் ஆட்கள் எத்தனையோ பேரை ஷாக்கு பார்த்திருக்கிறான். இவரும் அந்த ஜாதிபோல என்று தீர்மானித்து வைத்திருந்தான்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தான். முன் ஸ்பிரிங் ஒன்று கீழ்ச் சுற்றில் முறிந்திருந்தது. மற்ற மூன்றும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஷாக் அப்சார்பர் நான்கிலும் எண்ணெய்க் கசிவு.

"இப்படி ஒரு வண்டியை நான் டாக்ஸியிலகூடப் பாத்ததில்ல மாப்ள. கல்லு மேல ஓட்டினீங்களா, கல்லை மேல போட்டுக்கிட்டீங்களா?"

மாப்பிள்ளை தங்கையை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ரோடு அப்படி, மச்சான்."

"ரோடு எல்லாருக்கும்தான் அப்படி. சரி விடுங்க. பழையபடியே போட்டுடவா, இல்ல காயில் ஓவர் போடணுமா? தங்கச்சி போன்ல ஏதோ சொன்னாளே."

"காயில் ஓவர்தான்" என்றாள் தங்கை சட்டென்று. "உயரம், இறுக்கம் எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாமாமே. அதுதான் வேணும்."

ஷாக்கு உள்ளேயிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து வந்து மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்தான். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோல்தான் இருந்தன. குழாய்போன்ற ஷாக், அதைச் சுற்றி ஸ்பிரிங், அடியில் மரை போட்ட வளையம்.

"முதல் செட்டுல உயரம் மட்டும்தான் மாத்தலாம். இந்த வளையத்தைத் திருகினா வண்டி ஏறும், இறங்கும். ஷாக்கோட இறுக்கம் கம்பெனி வெச்சதுதான். தொந்தரவு இல்லாதது. ரெண்டாவது செட்டுல உயரமும் மாத்தலாம், இறுக்கமும் மாத்தலாம். தலையில ஒரு குமிழ் இருக்கு பாருங்க. இந்தப் பக்கம் திருகினா மெத்தை. அந்தப் பக்கம் திருகினா பலகை."

"மூணாவது?" தங்கையின் கை ஏற்கெனவே அந்தப் பெட்டியின் மேல் இருந்தது.

"அது உனக்கில்லம்மா. ரேஸ் ஓட்டுறவங்களுக்கு. ஸ்பிரிங்கே கல்லு மாதிரி இருக்கும். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தாதான் அது வேலை செய்யும்."

"இதையே போடு."

ஷாக்கு சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "அம்மா தாயே, எனக்கு முதுகெலும்பு வேணும்" என்றார். "நான் செய்யுற பல் செட்டை ஒருத்தர் மாட்டிக்கிட்டு இந்த வண்டியில ஏறினா, இறங்கும்போது பல்லு மடியில கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"யார் மடியில?"

"விளையாடாதீங்க" என்று அவள் அதட்டினாள். கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்த ஷாக்குவின் மனைவி, கையிலிருந்த டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தாள். தங்கை இப்படிக் குரலை உயர்த்துகிற பெண் அல்ல.

ஷாக்கு இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு மூன்றாவது பெட்டியை மூடி ஓரமாக வைத்தான். "நடுவுல இருக்கறதைப் போடுறேன். வேணுங்கற அளவுக்குத் திருகிக்கலாம். இதுதான் என் முடிவு. இதுக்கு மேல சண்டை போடணும்னா வீட்டுக்குப் போய்ப் போடுங்க."

மதியச் சாப்பாட்டை மறந்து வேலை நடந்தது. பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கி, நான்கு மூலையிலும் உயரத்தை அளந்தான். ஓர் அங்குலம்போல இறக்கினான், அவ்வளவுதான். அதற்கு மேல் இறக்கினால் வேகத்தடையில் வயிறு தேயும். பூட்டு வளையங்களை இறுக்கி முடித்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டான்.

ஷாக்குவிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகக் குமிழைத் திருகும் வேலையை மட்டும் அவன் செய்யமாட்டான். வண்டிக்காரரையே திருகச் சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றி ஓட்டிக் காட்டி, மறுபடி திருகச் சொல்லி, "இது சரியா இருக்கு" என்று அவர் வாயாலே சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுப்பான். வேறொருவன் வைத்த இறுக்கத்தில் ஒருவரை அனுப்புவது, வேறொருவர் கண்ணாடியை மாட்டிவிட்டு ரோட்டைக் கடக்கச் சொல்வது மாதிரி என்பான்.

அன்றும் அப்படித்தான் செய்தான். மாப்பிள்ளை குமிழ்களை மெத்தைப் பக்கமாகவே திருகினார். ஷாக்கு ஓட்டினான். மேடு பள்ளமெல்லாம் காலடியில் மெல்ல அமுங்கி எழுந்தது. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "இது போதும் மச்சான். இப்படியே இருக்கட்டும்."

திரும்பி வந்ததும் அவர் கை கழுவப் பின்பக்கம் போனார். அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவள்போல் தங்கை ஷாக்குவின் கையைப் பிடித்து வண்டியின் மறுபக்கம் இழுத்துப் போனாள்.

"அண்ணா, எல்லாத்தையும் கடைசி வரைக்கும் இறுக்கிடு."

"என்னது?"

"அவருக்குத் தெரிய வேண்டாம். ஒரு சின்னக் கல்லு மேல ஏறினாக்கூடத் தூக்கித் தூக்கிப் போடணும். இந்த வண்டியில வேகமாப் போகவே பிடிக்காதபடி பண்ணிடு."

"பைத்தியமா நீ? அது ஷாக்கும்மா, சங்கிலி இல்ல. முழுசா இறுக்கினா மேட்டுல டயர் தரையை விட்டு எகிறும். தரையில டயர் இல்லேன்னா பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல. நீ நினைக்கிறதுக்கு நேர் எதிரா முடியும்."

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மெதுவாப் போனா ஆகாதுதான். ஆனா..."

"தூக்கிப்போட்டா யாரா இருந்தாலும் தானா மெதுவாப் போவாங்க அண்ணா." அவள் அவன் கையை விடவில்லை. "போன மாசம் சுவர். அடுத்தது என்ன? ஒரு நாள் உனக்கு போன் வரும். அன்னிக்கு 'யாருக்கும் ஒண்ணும் ஆகலை'ன்னு சொல்ல ஆள் இருக்காது."

"மாப்ள அவ்வளவு வேகமாவா ஓட்டுறாரு?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறந்ததிலிருந்து ஷாக்குவின் பலவீனம் அதுதான். அவள் அழுதால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"சரி சரி, அழாதே. அவர் வந்துடப் போறாரு."

பானெட்டைத் திறந்தான். முன் குமிழ்கள் இரண்டையும் திருகினான். கட், கட், கட் என்று அது இறுகிக்கொண்டே போய், இனி நகராது என்று நின்றது. பின்பக்கம் டிக்கியைத் திறந்து அங்கேயும் அதையே செய்தான். திருடன்போல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு செய்தான். தன் சொந்தப் பட்டறையில் இப்படி ஒரு வேலையை அவன் செய்தது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்கு இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்றார். ஷாக்கு சாவியை அவரிடம் கொடுத்து, கருவிகளை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது; தெரு முனை திரும்பும் வரை பின்னாலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். முதல் பள்ளத்திலேயே அதன் பின்பக்கம் முயல்போல் எகிறிக் குதித்தது. "இப்பவே புரிஞ்சிருக்கும் அவருக்கு. இனி ஊர்ந்துதான் போவாரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மனசு அதை ஏற்கவில்லை.

வேனுக்கு அடியில் மறுபடி படுத்தான். நான்கு திருகு திருகியிருப்பான். கூரைத் தகரத்தில் சடசடவென்று யாரோ கல்லை அள்ளி வீசியதுபோல் சத்தம்.

"என்னங்க, மழை பிடிச்சிடுச்சு! வெளியில கிடக்கிற சாமானை எல்லாம் எடுங்க!" என்று மனைவி கத்தினாள்.

ஷாக்கு வேனுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். மழை. மலைச் சாலை. ஒட்டுப்போட்ட தார். முழு இறுக்கத்தில் நான்கு சக்கரம். காய்ந்த ரோட்டில் தூக்கித்தான் போடும். ஈர ரோட்டில் தூக்கிப்போடுகிற டயர் திரும்ப இறங்கும்போது எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது.

கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தான். மாப்பிள்ளையின் போன் மணியே அடிக்கவில்லை. தங்கையின் போனும் அப்படித்தான். மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் செத்துவிடும்.

"என்ன ஆச்சுங்க? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

சொன்னான். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணனும் தங்கச்சியுமா சேர்ந்து அந்த மனுஷனைக் கொல்லப் பாத்தீங்களா? போங்க. நிக்காதீங்க. போங்க!"

வேனை ஜாக்கியிலிருந்து இறக்கி, பாதி மாட்டிய திருகுகளை முடுக்கிவிட்டு, அதையே எடுத்துக்கொண்டு பறந்தான். வைப்பர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருவதற்குள் கண்ணாடியை மழை மூடியது. ஊர் எல்லை தாண்டி மலைச் சாலை தொடங்கியதும் கால் தானாக பிரேக்குக்குப் போனது. தண்ணீர் மண்ணையும் சரளைக்கல்லையும் அடித்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் உடைந்த சுவரையும், பள்ளத்தில் சிவப்பாக ஏதாவதையும் தேடினான். எதுவும் இல்லாதபோது நிம்மதி வரவில்லை. அடுத்த வளைவு மீதி இருந்தது.

"மெதுவாப் போங்க மாப்ள. கையெடுத்துக் கும்பிடறேன். மெதுவாப் போங்க." ஆளில்லாத வேனில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான்.

எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி இறங்கி வந்தது. ஷாக்கு கையை வெளியே நீட்டி ஆட்டினான். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து ஜன்னலை இறக்கினார்.

"மேல பாத்துப் போ தம்பி! ஒரு சிவப்புக் கார் சுத்திக்கிட்டு நிக்குது, பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு!"

"ஆளு? உள்ள இருந்த ஆளுங்க எப்படி இருக்காங்க?"

லாரிக்காரர் என்னவோ சொன்னார். பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் அதை விழுங்கிவிட்டது. லாரி இறங்கிப் போயேவிட்டது.

அதற்கு மேல் எப்படி ஓட்டினான் என்று ஷாக்குவைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. இரண்டு வளைவா, மூன்று வளைவா. திடீரென்று கண்ணெதிரே சிவப்பு. கார் வந்த திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதி ரோட்டை அடைத்தபடி சாய்வாக நின்றது. பின் சக்கரம் ஒன்று ரோட்டு விளிம்பைத் தாண்டி, காற்றில் தொங்கியது. அதற்குக் கீழே மழையும் புகைமூட்டமும்தான். அடி தெரியவில்லை.

இரண்டு கதவும் திறந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை.

"அம்மா!" என்று ஷாக்கு அலறினான்.

"இங்கண்ணா."

மலைச்சரிவை ஒட்டி, பாறைக்கு அடியில் இருவரும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். தொப்பலாக நனைந்து, சேறு அப்பி, ஆனால் இரண்டு காலில் நின்றார்கள். தங்கை வெடவெடவென்று நடுங்கினாள். மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தியிருந்தார்.

ஷாக்குவுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் அது கோபமாக மாறியது. பாய்ந்துபோய் மாப்பிள்ளையின் பனியனைக் கொத்தாகப் பிடித்தான்.

"அவ்வளவு தூக்கிப்போட்டும் உமக்கு உறைக்கலையா? மழையில என்னய்யா அவசரம்? என் தங்கச்சியை அந்தப் பள்ளத்துல போட்டிருப்பீரே!"

மாப்பிள்ளை கையைத் தட்டிவிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் மச்சான். மழையைப் பாத்து நிறுத்தியிருக்கணும். எல்லாம் என்னாலதான். அடிக்கணும்னா அடிச்சிடுங்க."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஷாக்கு இன்னும் ஓங்கியிருப்பான். அந்தக் குனிந்த தலை அவனை என்னவோ செய்தது. பனியனைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆனால் விடவில்லை.

"அடிக்க எனக்கு யோக்கியதை ஏது மாப்ள" என்றான்.  "நீங்க வெச்ச குமிழை நான் மாத்திட்டேன். நீங்க கை கழுவப் போனப்ப நாலையும் கடைசி வரைக்கும் இறுக்கிட்டேன். ஈர ரோட்டுல அது எமன். தெரிஞ்சேதான் செஞ்சேன். சுத்தினது வண்டி இல்ல, நான் சுத்தவெச்சேன்."

மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்தார். மழை அவர் கண்ணிமையிலிருந்து சொட்டியது. "அதான் அப்படி எகிறிச்சா? கிளம்பினதுலேருந்து ரெண்டு பேருக்கும் குடல் வாய்க்கு வந்துடுச்சு. நீங்க ஓட்டிக் காட்டினப்ப இப்படி இல்லையேன்னு குழம்பிக்கிட்டே வந்தேன். ஏன் மச்சான் அப்படிப் பண்ணீங்க? நான் மெத்தைதானே கேட்டேன்?"

 சொல்லமாட்டேன் என்று யாருக்கும் சத்தியம் செய்யவில்லைதான். ஆனாலும் காட்டிக்கொடுக்க ஷாக்குவுக்கு மனம் வரவில்லை. அவன் பார்வை மட்டும் தங்கையிடம் போய் நின்றது. மாப்பிள்ளையின் பார்வையும் அதன் பின்னாலேயே போனது.

"நீயா சொன்னே?" என்றார் அவர். கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மேலிருந்து ஒரு சரளைக்கல் உருண்டு வந்து காரின் மேல் டங்கென்று விழுந்தது. தொங்கிக்கொண்டிருந்த பின் சக்கரம் மெதுவாக அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. தங்கை அதையே பார்த்தாள். அவள் கை இரண்டும் விறைத்துப்போய், விரல்கள் விரிய மறுத்து, எதையோ இன்னும் இறுகப் பிடித்திருப்பதுபோல் மார்புக்கு முன்னால் நின்றன.

"அவரை விடுண்ணா" என்றாள். "அவர் எந்த நாளும் வேகமா ஓட்டினதே இல்ல, பழி மட்டும்தான் ஏத்துக்குவாரு, ஓட்டுறது எப்பவும் நான்தான், என் காலை என்னால அடக்க முடியல, வண்டியாவது என்னை அடக்கட்டும்னுதான் உன்கிட்ட அழுதேன்."